தோள் கொடுக்காத கரை

அளம்பில்
18.2.1998

சேசு மரி சூசை துணை

அன்பு மகன் துசியந்தனுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் காவலில் நாங்கள் இருக்கிறோம், அந்தக் குளிரில் நீயும் சுகமாக இருக்க அவரிடமே கேட்கிறேன். தங்கச்சி பிரேமினிக்குக் காய்ச்சல் மாறிவிட்டது. அப்பாவுக்கு உடம்பு சுகம், மனம்தான் சரியில்லை.

அப்பா இன்னும் கொஞ்சம் தேடியிருக்கலாமே என்று எழுதியிருந்தாய். பாரிஸில் யார் உனக்கு இதைச் சொன்னது? நடந்ததைக் கேள். காற்று எழும்பிய அன்று விஜிதரனும் சுதாகரனும் மீன்பிடிக்கப் போன வள்ளம் திரும்பவில்லை. கரை முழுக்க ஆம்பிளைகள் நின்றார்கள். அந்தக் கடலில் இறங்கு என்று ஒருவரையும் கேட்க முடியாது, அப்பாவின் சேர்ட்டைப் பிடித்து இழுத்தவளே நான்தான். கையைத் தட்டிவிட்டுத் தனியே போனார். கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்தபடி குற்றுயிராய்க் கிடந்த விஜிதரனைக் கொண்டுவந்தார். மோட்டருக்கு ஊற்றிய மண்ணெண்ணெய் முடிந்து, துடுப்புப் போட்டுத்தான் கரை சேர்ந்தார். சுதாகரன் கிடைக்கவில்லை. மறுநாளே கதை தொடங்கிவிட்டது. ஒருவன் கிடைத்ததும் பேர் வாங்க அவசரமாகத் திரும்பிவிட்டாராம். நாலு வள்ளம் வைத்திருக்கும் ஏரம்பு சந்தியில் நின்று, போறதெண்டால் ஒழுங்காய்த் தேடியிருக்க வேணும் என்றாராம். போகாமல் நின்ற அவரை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. போனவருக்குத்தான் விசாரணை. இது என்ன நியாயம்?

பகையாளியின் வள்ளம் வந்தாலும் நிற்கிறவர்கள் தோள் கொடுத்து மணலில் ஏற்றுவார்கள், உனக்குத் தெரியும்தானே. போன கிழமை அப்பாவின் வள்ளத்துக்கு ஒருவரும் வரவில்லை. அலை அடிக்க அடிக்கத் தனியே தள்ளிக்கொண்டு நின்றார். நானும் பிரேமினியும் ஓடிப்போய்ப் பிடித்தும் அது அசையவில்லை. அப்போது சுதாகரனின் தாய் இரஞ்சிதம் சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி வந்து தோள் வைத்தார். அப்பா அவரைப் பார்க்க முடியாமல் தலை குனிந்தார். "தள்ளுங்கோ அண்ணை, என்ர பிள்ளையைத் தேடிக் கடலுக்குப் போனது நீங்கள் ஒராள்தான்" என்றார் இரஞ்சிதம். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் ஓடி வந்தார்கள். நான் ஒருவரையும் தொட விடவில்லை.

ஃபாதர் நாளைக்கு வவுனியா போகிறார், அங்கே தபாலில் போட இதை அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். வெளியே போகும்போது காதை மூடிக்கொள், பூசையை விடாதே. மாதா உன்னைக் காப்பாற்றுவா. ஒன்றை மறக்காதே. மகனின் கடிதம் வந்ததா என்று அப்பா தினமும் கேட்கிறார், வரவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவருக்குக் காட்டக்கூடியதாக ஒன்று எழுதி அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா
ம. புனிதமலர்