பூஜையில் வைத்த பந்துகள்

2008 அக்டோபர், ஆயுத பூஜை இரவு

விடிந்தால் கடலூரில் மேட்ச். இங்கே சிதம்பரத்தில் இன்று எங்கள் பள்ளி டீம் பையன்கள் பந்தைத் தொடவே இல்லை. தலைமைக் கோச் எல்லாப் பந்துக்கும் சந்தனம், குங்குமம் வைத்து, என் விசிலையும் சேர்த்து விளையாட்டு அறையில் பூட்டிவிட்டார்.

"ஒரு பந்தாவது குடுங்க சார்" என்று கேட்டேன்.

"பூஜையில வச்சத எடுக்கலாமாடா? காலையில கௌம்பறப்ப எடுத்துக்க. இங்க படிக்கறப்பவும் இப்படித்தான் பறப்ப."

உதவிக் கோச்சாகி இத்தனை வருடமாகியும் அவருக்கு நான் மாணவன்தான். சரி, மாணவனாகவே இருந்துவிடலாம் என்று அறையின் பின்பக்கம் போனேன். அந்தக் காலத்தில் கழன்ற ஜன்னல் கம்பியை விலக்கித்தான் பந்தை எடுப்போம்.

கம்பி அசையவில்லை. வேலைக்குச் சேர்ந்ததும் ஆள் கூட்டிவந்து அதை வெல்டிங் செய்யவைத்தவனே நான்தான்.