பதினொரு மணிக் காற்று

மார்ச் 10, செவ்வாய்

விடியவே புழுக்கம். ஓர் ஓலை அசையவில்லை. பின்வளவில் பெட்டிக்குள் இருக்கும் மெஷினைப் பார்த்தேன்: ரேடன் அளவு மறுபடி ஏறியிருக்கிறது. கடற்காற்று தொடங்கியதும் சரிந்தது. தினமும் இதே கதை.

மண்ணிலிருந்து கசியும், கதிர்வீச்சுள்ள வாயு. காற்றில்லாத இரவில் தரை குளிர்ந்தால் நிலத்தோடு ஒட்டிக் கிடக்கும். வெயில் ஏறக் கலைந்துபோகும். கடலிலிருந்து வரும் காற்றில் அது இல்லாத மாதிரித்தான். திறந்த வெளியில் யாரும் பயப்படும் அளவு இல்லை. ஆனால் கூடுகிறது என்றால் கூடுகிறது என்று எழுதவேண்டும்.

கீழ்வீட்டு அன்ரி: "பிள்ளை, உந்தப் பெட்டி வந்த நாளிலையிருந்து எனக்குத் தடிமன், தும்மல்." சொல்லிக்கொண்டே துவாயை அதன்மேல் காயப்போட்டார். ரேடனுக்குப் பயம். துவாய்க்குப் பயமில்லை.

மார்ச் 11, புதன்

பம்பலப்பிட்டியில் பஸ் நகரவில்லை. பல்கலைக்கழகத்துக்குப் பிந்திப் போனேன். என் ஆய்வை மேற்பார்க்கும் சேர், ஒரு மாத விடியற்கால அளவுகளைப் பற்றிஸ் கடித்துக்கொண்டே பார்த்து முடித்தார்.

"மெஷினுக்குள்ள ஈரம் போயிருக்கு. காலமை றீடிங் எல்லாத்தையும் வெட்டிவிடும்."

"விடியத்தானே சேர் எல்லா நாளும் கூடுது? காத்து இல்லாத..."

"கொட்டாஞ்சேனையில ஒரு வருஷம் அளந்தனாங்கள். ஒரு மாற்றமும் இல்லை."

அங்கே அளக்கப் போன வான் வண்டியில் நானும் போயிருக்கிறேன். சேரை வீட்டில் ஏற்றி, கடையில் நிறுத்தி, கொட்டாஞ்சேனை போய்ச்சேரப் பதினொரு மணி, கடற்காற்று தொடங்கியிருக்கும். ஒரு வருடமாகக் கடற்காற்றை மட்டும் அளந்துவிட்டு, 'வானிலையால் மாற்றமில்லை' என்று மாநாட்டுக் கட்டுரை. அடுத்த கிழமை அனுப்பவேண்டும். அவர் பெயருக்குக் கீழே என் பெயர். வெட்டினால் பொய்க்கு நானும் பங்காளி. வெட்டாவிட்டால் மெஷின் போகும், பட்டமும் போகலாம்.

மார்ச் 13, வெள்ளி

சேர் மெஷினைப் பார்க்கக் கல்கிசையிலிருந்து எங்கள் வளவுக்கு விடியற்காலையில் வந்தார்! சூரியன் உதிப்பதை முதல்தடவை பார்த்திருப்பார். பார்க்கவும் முடியவில்லை, பாவம். இரவு முழுக்க மழை, பலத்த காற்று. நனைந்த மண் வாயுவை விடாது. விட்டதையும் காற்று கொண்டுபோய்விடும். அளவு அடிமட்டத்தில். போதாததற்குப் பெட்டியின்மேல் அன்ரியின் துவாய், சொட்டச் சொட்ட.

சேர் விரலால் தொட்டுப் பார்த்தார். "நான் சொன்னனான்தானே? ஈரம்."

"அது துவாய் சேர். மெஷின் உள்ளுக்க சீல் பண்ணியிருக்கு. குறைஞ்சது மழையால."

"மழை பெய்தாக் குறையுதாம், காத்து நிண்டாக் கூடுதாம். மெஷினை விட நீர் நல்லாக் கதைக்கிறீர்."

என் அத்தியாயம் முழுவதையும் ஒரே வரியில் சொல்லிவிட்டார். தெரியாமல்.

அன்ரி தேத்தண்ணி கொண்டுவந்தார். "டொக்டர், இந்தத் தடிமனுக்கு என்ன செய்யலாம்?" பௌதிகத்தில் கலாநிதியான மனிதர் யோசித்தார். "கொத்தமல்லி அவிச்சுக் குடியுங்கோ." தெரியாது என்ற சொல் அவர் வாயில் வராது.

மார்ச் 14, சனி

வெயில். மண் காய்கிறது. ஆய்வுகூடத்தின் இரண்டாவது மெஷினை நேற்றே கையெழுத்து வைத்து எடுத்துவந்தேன். ஈரம் உறிஞ்சும் மணிகளைப் புதிதாகப் போட்டுப் பழையதன் பக்கத்தில் வைத்தேன். அன்ரிக்குத் துவாய் காயப்போடக் கொடி கட்டிக் கொடுத்தேன்.

அம்மா: "அவர் சொல்லுற மாதிரிச் செய்யன். பட்டம் வந்தாப் பிறகு உன்ர விருப்பம்." கடைக்குப் போனேன். பால்மா, சவர்க்காரம் வாங்க மறந்தேன்.

மார்ச் 15, ஞாயிறு

விடிய அசைவே இல்லை. இரண்டு மெஷினும் ஒன்றாக ஏறின. கடற்காற்று வந்ததும் ஒன்றாக இறங்கின. இரண்டிலும் ஒரே அளவுக்கு ஈரம் போயிற்று என்று இனி யாராவது சொல்லட்டும்.

வரைபடத்தைச் சேருக்கு அனுப்பி, கட்டுரையில் இதுதான் வரும் என்று எழுதினேன். சேர் உடனே போனில் அழைத்தார்.

"அப்ப கட்டுரையில என்ர பேரை எடுத்துவிடும். ரெண்டு மெஷினையும் நாளைக்குக் கொண்டு வாரும்."

"ஓம் சேர்."

அழுவேன், கெஞ்சுவேன் என்று காத்திருந்திருப்பார். பிறகு, "என்ன ஓம்?"

"பேரை எடுத்துவிடுறன், சேர்."

எடுத்துவிட்டேன். கட்டுரையில் பெயர்களின் முதல் வரி இப்போது என்னுடையது. கடற்காற்றும் நின்றுவிட்டது. மெஷின்களைக் கொடுப்பது நாளைக்குத்தானே, அதுவரை ஓடட்டும்.