டீச்சரின் தாடையில் பரு

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். நலமா? தம்பிக்கு இருமல் விட்டதா? நடந்த எல்லாவற்றையும் உண்மையாக எழுதப்போகிறேன், என் தப்பையும் சேர்த்து.

போன மாதம் விடுதிக்கு வந்தபோது, தாடையில் இருந்த பருக்களை முந்தானையால் மூடிக்கொண்டே பேசினீர்கள். "இந்த வயசுல என்னம்மா இது?" என்று சிரித்தவள் நான். எலுமிச்சைச் சாறு தேய்க்கச் சொன்னவளும் நான்தான். அதற்குப் பிறகு நீங்கள் வரவேயில்லை.

எங்கள் அறிவியல் டீச்சருக்கும் உங்கள் வயதுதான். அவர் தாடையிலும் பரு. இன்று வகுப்பில் வாயாடி ஒருத்தி, "டீச்சர், உங்களுக்கு இன்னும் பரு போகலையா?" என்று கேட்டுவிட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். டீச்சரோ சிரித்தார்.

"போகலைடி. ஹார்மோன் என்ன, வயசு கேட்டுக்கிட்டா வருது?"

கரும்பலகையில் எண்ணெய்ச் சுரப்பியை வரைந்து, தன் தாடையையே சுட்டிக்காட்டிப் பாடம் நடத்தினார். பரு அழுக்கால் வருவதில்லையாம். எலுமிச்சை எரிச்சலைத்தான் கூட்டுமாம். முகத்தை மென்மையாகக் கழுவி, பருவைக் கிள்ளாமல், டாக்டர் தரும் களிம்பை இரண்டு மூன்று மாதம் பொறுமையாகப் போட வேண்டுமாம். இப்படியொரு தைரியத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

என்னை மன்னித்துவிடுங்கள் அம்மா. ஞாயிற்றுக்கிழமை நாலு ஊக்கும் தலைக்கு எண்ணெயும் கொண்டுவாருங்கள். நானே போட்டால் பின்னல் கோணிக்கொள்கிறது, நீங்கள்தான் பின்னிவிட வேண்டும். முந்தானை தோளிலேயே இருக்கட்டும். அந்த வாயாடியிடம், "இவங்கதான் எங்கம்மா" என்று சொல்ல வேண்டும்.

விடுதியில் விளக்கை அணைக்கும் நேரமாகிவிட்டது.