மூன்றாம் பக்கத்துப் படம்

ஆடி 29, வியாழன்

செம்பூரிலிருந்து ஒருவர் மகளோடு எங்கள் மும்பை மாட்டுங்கா ஆபீசுக்கு வந்தார். ஆவணியில் அவளுக்குக் கல்யாணம், சாப்பாடு பேச வேண்டும். வழக்கம்போல் எங்கள் கேட்டரிங் ப்ரோஷரில் மூன்றாம் பக்கத்தைப் பிரித்து, "முகூர்த்தச் சாப்பாடு இப்படித்தான் இருக்கும், பாருங்கோ சார்" என்றேன். அவர் முகம் செத்துவிட்டது.

படத்தில் மாப்பிள்ளைக்கு ஜாங்கிரி ஊட்டும் மணப்பெண், எதிரே உட்கார்ந்திருந்த அதே பெண். இப்போது கண்ணாடி, கழுத்தளவு முடி. நாலு வருஷத்துக்கு முன் நாங்கள் சமைத்த கல்யாணம். அன்று பேசியதெல்லாம் மாப்பிள்ளை வீட்டார் என்பதால் அப்பாவையும் எனக்கு நினைவில்லை. போட்டோகிராபர் கொடுத்த படத்தை யாரையும் கேட்காமல் அச்சில் போட்டவள் நான்தான். இலையைப் பார்த்தேனே தவிர ஆளைப் பார்க்கவில்லை.

அவள்தான் பேசினாள். "விடுங்கோ ஆன்ட்டி. அந்தக் கல்யாணத்துல நன்னா இருந்தது சாப்பாடு மட்டும்தான். அதான் மறுபடியும் உங்ககிட்டயே வந்தோம்."

அப்பா குரலைத் தணித்தார். "ரெண்டாவதுன்னு மாப்பிள்ளைக்கும் அவர் அம்மாவுக்கும் தெரியும். மத்த சொந்தக்காராளுக்குச் சொல்லல. இந்தப் படம் மட்டும் அவா கண்ணுல பட வேண்டாம்."

சரி என்று தலையாட்டினேன்.

நேற்று வடாலாவிலிருந்து ஒருவர் சாப்பாடு விசாரிக்க வந்திருந்தார். இவர்கள் சொன்ன அதே தேதி, அதே ஹால், இந்த மாப்பிள்ளைக்குத்தான் சித்தப்பா. ஒரு ப்ரோஷர் போதும் என்றார். சொந்தக்காரர்களுக்கும் காட்டுங்கள் என்று பத்தாகத் திணித்தவள் நான்.