அரபியில் லீவு கேட்டேன்

அன்பு மகள் வெண்ணிலாவுக்கு நைனா எழுதுவது. நீயும் வயிற்றுப் பிள்ளையும் சுகமா இருக்கணும். போனில் சொன்னால் அம்மா பாதியிலேயே அழுவாள், அதான் கடுதாசி.

கிழிஞ்ச வலையைத் தைச்சுக்கிட்டே தினமும் தனியா அரபி பேசிப் பழகுறேன். நேத்து ஐஸ் பெட்டியில இருந்த மீனுக்கு சலாம் சொல்லி நலம் விசாரிச்சேன். படகே சிரிச்சுது.

பழகினதெல்லாம் உன் பிரசவத்துக்கு லீவு கேட்கத்தான். முதலாளிகிட்ட அரபியிலேயே சொன்னேன்: "எங்க பழவேற்காடு ஏரியில முறை வச்சுத்தான் வலை போடுவோம். ஒருத்தன் முறையை இன்னொருத்தன் எடுக்கமாட்டான். ஊருக்குப் போக இப்ப என் முறை."

அவர் முதுகுல தட்டிக் குடுத்தார். "இவ்ளோ நல்லா பேசுறியே, நீ போயிட்டா மத்தவங்களுக்கு வேலை சொல்றது யாரு?"ன்னு கேட்டுட்டு, ஒரு வார்த்தை அரபி தெரியாத நம்ம பக்கத்து ஊர் தோணிரேவு கேசவனுக்கு லீவைக் குடுத்துட்டார். எட்டாவதோட நின்னவனுக்கு இந்தப் படிப்பு தேவையா, சொல்லு.

கேசவன் லீவு முடிஞ்சு இங்க திரும்பும்போது என் பழைய கண்ணாடியைக் குடுத்தனுப்பு. கொஞ்சம் நெத்திலிக் கருவாடும் வை. குழந்தை அழுவுறதைப் போன்ல பதிஞ்சு அனுப்பு. படகு கிளம்புது, கூப்பிடுறாங்க.

என் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் குடுங்கன்னு கேட்கவும் பழகித்தான் வச்சிருந்தேன். அதை மட்டும் அவர்கிட்ட சொல்லல.