லூயிசாவின் கிரைண்டர்

ஜூலை 8, திங்கள்

இன்றைக்கும் தூக்கம் இல்லை. கே.கே. நகரில் மகள் வீட்டுக்கு வந்து ரெண்டு வருஷம் ஆகிறது. வந்த வாரத்திலிருந்து காதுக்குள் இந்தச் சத்தம். மணி மாதிரி இல்லை, வண்டு மாதிரியும் இல்லை. பக்கத்து அறையில் யாரோ மோட்டாரைப் போட்டுவிட்டு அணைக்க மறந்துபோன மாதிரி, ங்ங்ங் என்று. எழுந்து போய்ப் பார்த்தால் மோட்டாரும் இல்லை, ஆளும் இல்லை.

ரத்னா எனக்கென்று தனி அறை கொடுத்திருக்கிறாள். கண்ணாடி ஜன்னல், ஏ.சி. கதவைச் சாத்தினால் தெருவே செத்துப்போகும். “எம்மா, இவ்ளோ அமைதியா கீது, இன்னும் தூக்கம் வரலன்றியே” என்கிறாள். அமைதிதான் கஷ்டமே. எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

தேனாம்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் காது இரைச்சலுக்கு ஆராய்ச்சி நடக்கிறதாம், ஆள் சேர்க்கிறார்களாம். மாப்பிள்ளை கதிரேசன் விசாரித்துக்கொண்டு வந்தார். நல்ல மனுஷன். கல்யாணத்தன்றைக்கு அவர் அப்பா சாம்பாரில் உப்பில்லை என்று சபையில் சொன்னாரே, அதை இவர் பேரில் வைக்க மாட்டேன். அது அவர் அப்பா பேரில் இருக்கிறது.

ஜூலை 9, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன அறை, பஞ்சு ஒட்டின சுவர். கதவை மூடினால் குழிக்குள் இறக்கின மாதிரி. அதற்குள் உட்கார்ந்ததும் என் மோட்டார் கூரையைத் தூக்கிக்கொண்டு போனது. ஆராய்ச்சி பண்ணுகிற பெண் பெயர் ஷண்முகப்ரியா. என் பேத்தி வயசு. ஒவ்வொரு சத்தமாகப் போட்டு, “இதுவா பாட்டி? இன்னும் கனமா?” என்று கேட்டாள். தி. நகரில் புடவை எடுத்துப் போடுவார்களே, அந்த மாதிரி. இல்லை, இல்லை என்று தலையாட்டிக்கொண்டே வந்தேன். அப்புறம் ஒன்று போட்டாள். என் தலைக்குள் இருக்கிறதை எடுத்து வெளியே வைத்துவிட்டாள். “இதேதாம்மா” என்றேன். கண் கலங்கிவிட்டது. ஒருத்தருக்கும் கேட்காதது அந்தப் பெண்ணுக்கும் கேட்டதே.

அப்புறம் எவ்வளவு பெரிய சத்தம் என்று அளந்தாள். கொஞ்சூண்டுதானாம். காதோரம் மூச்சு விடுகிற அளவு.

“எனக்கு லாரி மாதிரி கேக்குதும்மா.”

“கேக்கும் பாட்டி. அளந்தா எல்லாருக்கும் சின்னதாதான் வருது, கஷ்டம் மட்டும் பெருசு. அது ஏன்னுதான் நாங்களும் தேடிட்டு இருக்கோம்.”

காது கொஞ்சம் போயிருக்கிறதாம். ராயப்பேட்டை அச்சாபீசில் பைண்டிங் வேலை பார்த்தேன், காகிதம் வெட்டுகிற மிஷினுக்குப் பக்கத்தில். அதனாலும் இருக்கலாம், வயசாலும் இருக்கலாம், இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாதாம். காது அனுப்பாததை மூளை தானாக இட்டு நிரப்புகிறது என்றாள்.

“அப்ப எனக்குப் பைத்தியமா?”

“ஐயோ இல்ல பாட்டி. உங்களுக்குக் கேக்கறது நெஜம். அது வெளியில இல்ல, அவ்வளவுதான்.”

எப்போது ஆரம்பித்தது என்று கேட்டாள். ரெண்டு வருஷம் என்றேன். காரணம் என்று நினைக்கிறது ஏதாவது? லூயிசா என்றேன். சிரித்துவிட்டு எழுதாமல் விட்டாள்.

ஜூலை 10, புதன்

சிரித்தாளே. அவளுக்கு என்ன தெரியும்.

மயிலாப்பூரில் கால்வாய் ஓரம் எங்கள் வீடு. ஒரே சுவர், அந்தப் பக்கம் லூயிசாவின் மாவுக் கடை. விடியும்போதே கல் சுத்த ஆரம்பித்துவிடும். கல்லில் ஒரு பக்கம் சில்லு பெயர்ந்திருந்தது, சுத்துக்கு ஒரு தடவை ‘டொக்’. அந்த டொக் என் தலைமாட்டில். தள்ளி வையுடி என்றால், “மாவு ஆட்டாம மந்திரம் ஓதட்டுமா?” என்பாள். குழாயடியில் வரிசையிலிருந்து என் குடத்தை நகர்த்தினாள், பச்சைக் குடம். ரத்னா பெரியவளானதுக்குச் சொல்லி அனுப்பியும் வரவில்லை. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

அதெல்லாம் போகட்டும். ஒன்றுதான் ஆறவில்லை. ரெண்டாயிரத்து அஞ்சு, ஐப்பசி மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். ஆஸ்பத்திரிக்கு நடந்து போன எங்கள் வீட்டுக்காரரைப் பொணமாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். விளக்கு வைக்கிற நேரம். தலைமாட்டில் யாரோ பெட்ரோமாக்ஸ் கொண்டுவந்து வைத்தார்கள். அந்த வெளிச்சத்தில் அவர் முகம் மஞ்சளாக, சாப்பிட்டுவிட்டுப் படுத்த மாதிரி இருந்தது. பனை விசிறியால் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ங்ங்ங் என்று அவள் மோட்டார். பொணம் கிடக்கிற வீட்டை ஒட்டி மாவு ஆட்டினாள்.

அன்றைக்கு விட்டது பேச்சு. ரெண்டு வருஷம் முன்னால் கால்வாய் ஓரத்து வீடுகளையெல்லாம் இடிக்க வந்த அன்றைக்கும் அவள் சாமான் அந்தப் பக்கம், என் சாமான் இந்தப் பக்கம். முகம் பார்க்கவில்லை.

ஜூலை 15, திங்கள்

அறையை அமைதியாக வைக்கவே கூடாதாம். ஏதாவது சத்தம் மெதுவாக ஓடணும், அதோடு இதுவும் கலந்து கிடக்கணும், நாளாக நாளாக மூளை இதைக் கவனிக்கிறதை விட்டுவிடும். அதுதான் வைத்தியமாம். ஷண்முகப்ரியா சின்ன டப்பா ஒன்று கொடுத்தாள். அதில் மழை, கடல், காடு எல்லாம் இருக்கிறது.

மழையைப் போட்டேன். எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று எழுந்து, அடியில் வைக்க ஏனம் தேடினேன். கடலைப் போட்டால் சுனாமி ஞாபகம். காட்டுக்கு நான் போனதே இல்லை.

ஜூலை 19, வெள்ளி

ஆடி வெள்ளி. தெருமுனை அம்மன் கோயிலில் குழாய் ஸ்பீக்கர் கட்டி அலறவிட்டார்கள். மாடி வீட்டு அம்மா போலீசுக்குப் போன் பண்ணப் போகிறேன் என்றாள். நான் நன்றாகத் தூங்கினேன்.

ஜூலை 22, திங்கள்

ஷண்முகப்ரியாவிடம் ஆடி வெள்ளியைச் சொன்னேன். யோசித்துவிட்டு, “கடைசியா நல்லா தூங்கினது எங்க பாட்டி?” என்றாள்.

மயிலாப்பூரில்தான். வேறெங்கே? என்னென்ன கேட்கும் என்றாள். சொல்ல ஆரம்பித்தால் வாய் நிற்கவில்லை. தலைக்கு மேலே பறக்கும் ரயில். சாந்தோம் கோயில் மணி, அது முடிகிறதுக்குள் கபாலி கோயில் மணி. லாரித் தண்ணீர் வந்ததும் குடங்கள் இடிக்கிறது. மீன்காரி சண்டை. எங்கள் வீட்டுக்காரர் மீன்பாடி வண்டியை வாசலில் சாத்துகிறபோது பெடல் சுவரில் இடிக்கும், ‘வந்துட்டேன்’ என்று சொல்கிற மாதிரி. அந்தத் தெருவே இப்போது இல்லை, புல்லும் வேலியும்தான் இருக்கிறது. கடைசியில் கிரைண்டரையும் சொல்லவேண்டியதாயிற்று.

அவள் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு சொன்னாள்: “இந்தச் சத்தம் உங்களுக்கு ரொம்ப நாளாவே இருந்திருக்கலாம் பாட்டி. கிரைண்டர் அதை மூடி வெச்சிருக்கும். அமைதியான வீட்டுக்கு வந்ததும் வெளியே தெரிஞ்சிருக்கு.”

அப்படியென்றால் லூயிசாவின் கல்தான் என்னைத் தூங்கவைத்ததா? வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பாவம் அந்தப் பெண்.

அப்படியும் கிளம்பின என்னை நிறுத்தி, போனில் கிரைண்டர் சத்தம் ஒன்று போட்டுக் காட்டினாள். புது மாடல், பூனை முனகுகிற மாதிரி. அதில் டொக் இல்லை.

ஜூலை 24, புதன்

லூயிசா மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை போட்டிருக்கிறாள். தெரியும். போக மாட்டேன்.

ஜூலை 25

போக மாட்டேன். தூக்கமும் இல்லை.

ஜூலை 27, சனி

போனேன். மாவு வாங்கத்தான்.

தலை முழுக்க நரைத்துவிட்டது அவளுக்கு. என்னைப் பார்த்ததும் கரண்டியை அப்படியே வைத்தாள்.

“இன்னா ஜானு, வழி தெரியாம வன்ட்டியா?”

“மாவு ஒரு கிலோ.”

“கே.கே. நகர்ல மாவு கெடைக்கலியா?”

“கெடைக்குது. நல்லால்ல.”

“அரைச்சாத்தான் கீது. ஒக்காரு.”

மூட்டை மேல் உட்கார்ந்தேன். அதே கல். வெள்ளத்துக்கும் போகவில்லை, புல்டோசருக்கும் போகவில்லை. டொக். டொக். சுவரில் தலையைச் சாய்த்ததுதான் தெரியும். “ஏய் ஜானு, மாவ எத்துனு போ” என்று உலுக்கி எழுப்பினாள். வெயில் எதிர்வீட்டு மாடிக்கு ஏறியிருந்தது.

ஜூலை 31, புதன்

ரத்னா ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினாள். “எம்மா, இன்னா, ஓட்டல் வைக்கப் போறியா? நாலு நாளா இட்லி தின்னு அவரு மூஞ்சியே இட்லியா ஆயிடுச்சு.”

இன்றைக்கும் ஒரு கிலோ வாங்கினேன். பஸ்ஸில் வரும்போது பக்கத்து சீட்டுக்காரிக்குக் கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

லூயிசா கடையில் நடந்ததை இன்றைக்கே எழுதணும்.

மூட்டை மேல் சாய்ந்திருந்தேன். கண் பாதி மூடியிருந்தது. டியூப் லைட் அணைந்தது, ஃபேன் நின்றது. கரண்டு போய்விட்டது. மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

“லைட்டு போச்சு, கல்லு எப்டிடி ஓடுது?” என்றேன்.

“எங்க ஓடுது?”

“கேக்குதே.”

“கரண்டு இல்லாம கல்லு ஓடுமா? கைய வெச்சுப் பாரு.”

வைத்தேன். ஈரமாக, சில்லென்று, அசையாமல் இருந்தது கல். காதில் ங்ங்ங். டொக் இல்லை. மோட்டார் மட்டும்.

இதே சத்தம். அன்றைக்குக் கேட்டதும் இதேதான். அன்றைக்கும் டொக் இல்லையே. நான் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தேனே. கையில் விசிறி வைத்திருந்தேனே. லைட் இருந்தால் எதற்குப் பெட்ரோமாக்ஸ்? ஃபேன் ஓடியிருந்தால் எதற்கு விசிறி? பத்தொன்பது வருஷமாக இதெல்லாம் ஞாபகம் இருந்தது. ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

இருட்டில் கேட்டேன். “எங்க வூட்டுக்காரரு செத்த அன்னிக்கு நீ கல்லு போட்டியாடி?”

“அன்னிக்குக் கரண்டு ஏது? மழை வந்த நாள்லேர்ந்து இல்ல. ஊறப்போட்ட அரிசி நாறிப் போயி கால்வாயிலதான் கொட்டினேன். பெட்ரோமாக்ஸ் யாரு கொணாந்ததுன்னு நெனச்ச? எங்க வூட்டுக்காரரு. சர்ச்சு ஃபாதரக் கேட்டு வாங்கி, தலைமேல தூக்கினு தண்ணிக்குள்ள வந்தாரு.”

கல்லிலிருந்து கையை எடுத்தேன். அவளாகவே கேட்டாள்: “அதுக்குத்தான் இத்தினி வருஷம் என்னோட பேசாம இருந்தியா? நான் கொடத்த நவுத்தினதுக்குன்னு நெனச்சுக்கினு இருந்தேன்.”

“அதுக்கும்தான்” என்றேன்.

கரண்டு வந்தது. கல் சுத்தியது. அவள் என் முகத்தைப் பார்க்காமல் உளுந்து அள்ளிப் போட்டாள்.

ஆகஸ்ட் 7

அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது வந்த சத்தம். அப்போதிலிருந்து என்னோடே இருந்திருக்கிறது. நான்தான் வேறே ஒருத்தி வீட்டுச் சத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

இனிமேல் இதை விரட்டணும் என்று தோன்றவில்லை. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் போதும்.

ஆகஸ்ட் 12, திங்கள்

“அன்னிக்குத் தப்பா சொல்லிட்டேம்மா, ரெண்டு வருஷம் இல்ல” என்றேன். தேதி சொன்னேன், நேரமும் சொன்னேன். ஷண்முகப்ரியா பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “இவ்வளவு சரியா ஆரம்பம் தெரிஞ்சவங்க எங்ககிட்ட யாருமே இல்ல பாட்டி.” துக்கத்தில் இந்தச் சத்தம் முதன்முதலாகத் தெரியவருகிறது உண்டாம். அதனால்தானா என்று அவளால் சொல்ல முடியாது. எனக்கு அவள் சொல்லவேண்டியதில்லை.

மறுபடி அளந்தாள். சத்தம் அதே அளவுதான், ஒரு துளி குறையவில்லை. “இப்ப எவ்வளவு தொந்தரவு?” என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். காலையில் தோசை சுடும்போது இது இருந்ததா என்றே எனக்கு ஞாபகம் இல்லை. எனக்கு ஞாபகம் இல்லை என்று நான் யாரிடமாவது சொன்னது இதுதான் முதல் தடவை.

லூயிசாவின் கடைக்கே வந்து, கல் சத்தத்தை என் போனில் பிடித்துக்கொடுத்திருக்கிறாள் அந்தப் பெண். ராத்திரிக்கு அது போதுகிறது. பகலுக்குப் போதாது.

ஆகஸ்ட் 17, சனி

இப்போது மாவு வாங்குகிறதில்லை. சும்மா போகிறேன். அவள் கேட்கவும் இல்லை. மூட்டையை எடுத்துவிட்டு, சுவரோரம் ஒரு பாய் போட்டு வைத்திருக்கிறாள். “எலி வருது, அதுக்குத்தான் மூட்டைய நவுத்தினேன்” என்றாள். எலிக்கு எதுக்குடி தலகாணி என்று கேட்கவில்லை.

அந்த ஐப்பசி சாயங்காலத்தை அவள் பேரிலிருந்து எடுத்துவிட்டேன். பச்சைக் குடம் அப்படியேதான் இருக்கிறது. அதைச் சொன்னேன். “இருக்கட்டும், எங்கியும் ஓடிடாது” என்றாள்.

மத்தியானம் நல்ல தூக்கம். விழிப்பு வந்தபோது கடை பாதி சாத்தியிருந்தது. மாவெல்லாம் விற்றுத் தீர்ந்து, பாத்திரங்கள் கவிழ்த்திருந்தன. லூயிசா எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கல் மட்டும் சுத்திக்கொண்டிருந்தது. டொக். டொக்.

தலையை லேசாகத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே அரிசியும் இல்லை, உளுந்தும் இல்லை. வெறும் தண்ணீர். கழுவுகிற தண்ணீராக இருந்தால் வெள்ளையாக இருக்கும். இது தெளிந்து, அடியில் கல் தெரிந்தது.

மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன்.