மாவு மில்லும் வெள்ளமும்

ஐப்பசி 3, ’83
காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. ரேடியோ நாடகப் பிரிவிலிருந்து கடிதம். போன தடவை நான் அனுப்பிய இடிச்சத்தம் தகரத்தைத் தட்டினாற்போல இருந்ததாம். இப்போது வறண்ட ஆற்றில் திடீர் வெள்ளம் வரும் சத்தம் வேண்டும். இதுவும் சரியில்லை என்றால் இனிமேல் வேலை இல்லை. நேராகவே எழுதிவிட்டார்கள்.

கரண்டில் சத்தம் உண்டாக்கும் சிந்தசைசரைத் துடைத்தேன். கப்பலில் வேலை பார்க்கும் அண்ணன் பெட்டி பெட்டியாக வாங்கிச் சேர்த்துத் தந்தது. மகராசன். வரிசையாகக் குமிழ்கள், துளைகள். ஒயரை இடம் மாற்றிச் செருகினால் வேறு சத்தம். பால் ஊற்ற வந்த முனியம்மா எட்டிப் பார்த்து, “இன்னாம்மா, வூட்டுக்குள்ளயே டெலிபோன் ஆபீஸ் வெச்சிக்கினு கீறீங்க?”

ஐப்பசி 5
நல்ல வெயில். வாங்க: உப்பு, சீயக்காய், டேப் ரெக்கார்டருக்கு பேட்டரி.

வெறும் இரைச்சலை, சத்தத்தை வடிகட்டும் ஃபில்டரில் விட்டு, குமிழை மெல்லத் திறந்தேன். ஆறு மாதிரி வந்தது. அந்த நேரம் பார்த்து தெருமுனை மாவு மில் ஓட ஆரம்பித்தது. பல்பு மங்கியது, சத்தமும் தொய்ந்து இறங்கியது. கரண்ட் குறைந்தால் சிந்தசைசரின் குரலும் விழுந்துவிடும். ஸ்டெபிலைசர் போன மாதமே கருகிவிட்டது. “ஐயோ” என்று கத்தினேன், அதுவும் டேப்பில் ஏறிவிட்டது. அழுகை வேறு.

வீட்டுக்காரர் மாட்டு டாக்டர், மாடுகளோடுதான் பேச்சு அதிகம். இன்று என்னிடம் ஒரு வாக்கியம்: “கொஞ்ச நேரம் மில்ல நிறுத்தச் சொல்லிப் போய்க் கேளேன், அடிச்சா தொரத்தப் போறாரு?”

ஐப்பசி 6
கேட்டேன். மில் கோவிந்தன் அண்ணன் மறுபேச்சில்லாமல் மோட்டாரை நிறுத்தினார். நெல்லிவாசல் பக்கமிருந்து கேழ்வரகு சுமந்து வந்த பெண்கள் வரிசையில். “டாக்டரம்மாக்கு இன்னாவோ வேலயாம், குந்துங்க” என்றார். யாரும் முகம் சுளிக்கவில்லை. கூச்சமாகப் போயிற்று.

ஓடி வந்து பதிவு செய்தேன். சுத்தமான சத்தம். போட்டுக் கேட்டால் குழாயடிச் சத்தம்! வெள்ளமே இல்லை. அத்தனை பேரைக் காக்க வைத்து இதுவா?

சாயங்காலம் நேற்றைய டேப்பைக் கேட்டேன். மில் ஓடத் தொடங்கி சத்தம் தொய்கிற இடத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டேன். அதுதான் வெள்ளம். என் “ஐயோ” மட்டும் இல்லாமல் மறுபடி வேண்டும்.

ஐப்பசி 7
மேகமூட்டம். மில் வாசலில் அசட்டுச் சிரிப்போடு நின்றேன். “அண்ணே, இன்னிக்கு நான் சொல்றப்போ ஓட்டணும்.”

“நேத்து நிறுத்துன்னீங்க, இன்னிக்கு ஓட்டுன்றீங்க. நாளிக்கு என்னைய அரைக்கச் சொல்வீங்களா?”

ஆனாலும் செய்தார். என் ஜன்னலுக்கும் மில்லுக்கும் நடுவில் முனியம்மா நின்று, நான் கைகாட்டும்போதெல்லாம் துண்டை ஆட்டினாள். பெண்கள் சிரித்த சிரிப்பு! மூன்று தடவை வீண். அடுத்தது கிடைத்தது, குலை நடுங்கும்படி. உட்கார்ந்து கும்பிட்டேன், சிந்தசைசரையா மில்லையா, தெரியாது. இவர்களுக்கு நான் என்ன செய்துவிட்டேன்? எனக்காக ஒரு தெருவே நின்றது.

டேப் ஆலங்காயம் பஸ் கண்டக்டர் கையில். “நானே போஸ்ட் பண்ணிட்றேன், நீங்க வூட்டுக்குப் போங்க.”

கார்த்திகை 2
குளிர். கம்பளியை எடுத்தாயிற்று. சாயங்காலம் ரேடியோவில் அந்த நாடகம். ரேடியோவை மில்லுக்கே தூக்கிக்கொண்டு போனேன். நான் கேட்காமலே கோவிந்தன் அண்ணன் மோட்டாரை நிறுத்தினார்.

வெள்ளம் வந்தது. முனியம்மா தன் கேழ்வரகு மூட்டையைத் தரையிலிருந்து தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.